வீட்டில் ஒரு வண்ணத் தெளிப்பான்

வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பரணின்மீதோ கட்டிலின் அடியிலோ ஒரு தகரப் பெட்டி இருக்கக் காணலாம். பழைய வேட்டித் துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றப்பட்ட கொலுப் பொம்மைகள் அதனுள் இருக்கும். அன்னையர் வழியாகவும் பாட்டியர் வழியாகவும் வந்த அப்பொம்மைகள், இரயிலில் ஏறி இறங்கியும், மாற்றல் உத்தரவு வந்தபோதெல்லாம் வீடு மாறியும், மேனி தேய்ந்து நிறம் மங்கியிருக்கும். அவற்றைப் புதுப்பிக்க எண்ணித் தூரிகை எடுப்போர், ஆடையின் மடிப்பிலும் அணிகலனின் இடுக்கிலும் வண்ணம் கட்டிக்கொண்டு வடிவத்தையே மறைத்துவிடுவதைக் கண்டு மனம் வருந்துவர். பிள்ளைகள் பள்ளிக்குச் செய்யும் மாதிரி வடிவங்கள், துருவேறிய மிதிவண்டி, புத்தக அலமாரி, கொலுப்படி ஆகியவற்றுக்கும் இக்குறை உண்டு. தூரிகையின் மயிர்க்கோடுகள் தெரியாமல், மெல்லியதாகவும் சீராகவும் வண்ணம் அமைய வேண்டுமாயின், அதனைத் தெளித்தலே சிறந்த வழியாகும்.

வண்ணம் தெளிப்பது மோட்டார் பட்டறைக்காரர்களுக்கே உரிய வித்தை என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வளவு அரிய கலை அன்று. சில ஆயிரம் ரூபாய்ச் செலவில், பொழுதுபோக்குப் பணிகளுக்குப் போதுமான சாதனங்களை ஒருவர் தம் வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம். ஆயினும், இதில் சிக்கனம் செய்யத் தக்க இடங்களும் உண்டு. செய்யவே தகாத இடங்களும் உண்டு. மலிவான தெளிப்பானை வாங்குவதால் பெருங்கேடு எதுவும் நேராது. மலிவான முகமூடியை வாங்குவதாலோ வீட்டில் உள்ளோர் அனைவரின் மூச்சுக்கும் கேடு நேரலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெளிப்புக் கலையின் தோற்றம்

இச்சாதனத்தின் வரலாறு சுவையானது. அமெரிக்க நாட்டின் டொலீடோ நகரில் டாக்டர் ஆலன் டிவில்பிஸ் என்னும் மருத்துவர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் தூறலாகச் செலுத்தும் கருவி ஒன்றை அமைத்து, 1888-ஆம் ஆண்டில் அதற்கெனத் தொழிற்கூடம் நிறுவினார். அவருடைய மைந்தர் தாமஸ், 1907-ஆம் ஆண்டளவில் அதே தத்துவத்தை வண்ணம் தெளிப்பதற்குப் பயன்படுத்தினார். அதற்கு முன்னரே, 1893-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியின் மாபெரும் கட்டடங்களுக்கு, வேலை விரைவில் முடிய வேண்டி வெள்ளை வண்ணத்தைக் காற்றின் விசையால் தெளித்தனர். சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சர்வ சமயப் பேரவை அக்கண்காட்சியை ஒட்டியே நடைபெற்றது என்பதை நேயர்கள் அறிவர்.

1920-களில், நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளால் ஆன விரைந்து உலரும் வண்ணம் மோட்டார் வண்டிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. தூரிகையை இழுத்து முடிப்பதற்குள் அது உலரத் தொடங்கிவிடும். ஆதலால், தெளித்தே பூச வேண்டும் என்னும் நிலை ஏற்பட்டுத் தெளிப்பான்கள் எங்கும் பரவின. 1949-இல் அமெரிக்கரான எட்வர்டு சீமோர், வண்ணத்தையும் அதை வெளித்தள்ளும் வாயுவையும் ஒரே தகரக் குப்பியில் அடைத்து விற்கும் முறையைக் கண்டார். இன்று கடைகளில் நாம் காணும் ஸ்ப்ரே டப்பா அதன் வழிவந்ததேயாகும்.

இயங்கும் முறை

கொசு மருந்து அடிக்கும் பழைய கைப்பம்பை நம்மில் பலர் கண்டிருப்போம். குழலை உள்ளே தள்ளும்போது, காற்று ஒரு சிறு துளை வழியே வேகமாகப் பாயும். மருந்துக் குப்பியிலிருந்து மேலெழும் மெல்லிய குழாயின் வாயைக் கடந்து அது செல்லும்போது, அவ்விடத்தில் அழுத்தம் குறையும். குப்பியின் மேற்பரப்பில் உள்ள அழுத்தம் மருந்தைக் குழாய் வழியே மேலே தள்ளும். வாய்க்கு வந்த மருந்தைப் பாய்ந்துவரும் காற்று சிதறடித்துத் தூறலாக்கும். வண்ணத் தெளிப்பானும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. ஒரு வேறுபாடு உண்டு: வண்ணம் வெளிவரும் துளையின் நடுவில் ஓர் ஊசி இருக்கும். விசையை இழுக்கும்போது முதலில் காற்று திறக்கும். மேலும் இழுத்தால் ஊசி பின்னே நகர்ந்து வண்ணத்துக்கு வழிவிடும். முகப்பில் இரு கொம்புகள் போல் அமைந்த துளைகளிலிருந்து வரும் காற்று, வட்டமான தூறலை இருபுறமும் அமுக்கி விசிறிபோல் விரிக்கும்.

தூறலின் துளிகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கினும் சிறியவை. அவ்வளவு நுண்மையாக இருப்பதனாலேயே பூச்சு வழவழப்பாக அமைகிறது. அதனாலேயே அவை காற்றில் மிதந்து நம் மூச்சிலும் கலக்கின்றன. நன்மையும் தீமையும் ஒரே மூலத்திலிருந்து வருவதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

எவ்வகைத் தெளிப்பானை வாங்கலாம்?

பொழுதுபோக்குப் பணிக்கு உகந்தவை நான்கு வகை.

முதலாவது, ஸ்ப்ரே டப்பா. வேறு சாதனம் எதுவும் வேண்டா. ஒரு மிதிவண்டிக் கைப்பிடியையோ ஒரு விளக்குத் தண்டையோ பூசுவதற்கு இதனினும் எளிய வழி இல்லை. ஆயின், அளவுக்கேற்பப் பார்த்தால் வண்ணத்தின் விலை மிகுதி. நிறங்களைக் கலந்துகொள்ளவும் இயலாது.

இரண்டாவது, மின்சாரத் தெளிப்பான். இதனுள் ஒரு சிறு விசையாழி இருந்து, மிகுந்த அளவு காற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஊதும். தனியே காற்றமுக்கி வேண்டுவதில்லை. கொலுப்படி, அலமாரி, கதவு போன்ற பெரிய பரப்புகளுக்கு ஏற்றது. குறைந்த அழுத்தமாதலால் வண்ணம் அதிகமாகச் சிதறி வீணாவதில்லை. ஆயினும், நுண்ணிய வேலைக்கு இது பயன்படாது.

மூன்றாவது, ஏர் பிரஷ் என்று வழங்கும் காற்றுத் தூரிகை. எழுதுகோல் போன்று கையில் அடங்கும். இதன் துளை 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். பொம்மைகளுக்கும் மாதிரி வடிவங்களுக்கும் இதுவே உரியது.

நான்காவது, காற்றமுக்கியோடு இணைக்கும் ஸ்ப்ரே கன். வாங்குவோர் பட்டறையில் காணும் பெரிய கருவியை நாடாமல், டச்சப் கன் எனப்படும் சிறியதை வாங்குதல் நலம். அதன் துளை 0.8 முதல் 1.0 மில்லிமீட்டர் வரை இருக்கும். கோப்பை மேலே அமைந்த வகையில் வண்ணம் தன் எடையாலேயே இறங்குவதால், சிறிதளவு வண்ணத்தையும் வீணாக்காமல் தெளிக்கலாம், கழுவுவதும் எளிது.

சுவர்ப் பூச்சுக்கென விற்கப்படும் ஏர்லெஸ் என்னும் வகை மட்டும் வீட்டுப் பொழுதுபோக்குக்கு வேண்டா. அது காற்றின்றி, வண்ணத்தையே சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தத்தில் உமிழ்வது. அதன் முனையில் விரல் பட்டால் வண்ணம் தோலைத் துளைத்துத் தசைக்குள் புகும். காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாகத் தோன்றினும், உடனே அறுவைச் சிகிச்சை பெற வேண்டிய விபத்து அது.

காற்றுக் கணக்கு

காற்றமுக்கி வாங்கும்போது பெரும்பாலோர் அதன் குதிரைத் திறனையும் தொட்டியின் கொள்ளளவையும் மட்டுமே பார்ப்பர். பார்க்க வேண்டியது, அது நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்றைத் தரும் என்பதையே. பெட்டியின்மீது பெரிய எழுத்தில் அச்சிட்ட எண், உருளையின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிட்டதாக இருக்கக்கூடும். உண்மையில் வெளிவரும் காற்று அதனினும் குறைவு. ஆகவே, வெளியீட்டு அளவு எவ்வளவு என்று கடைக்காரரைக் கேட்டறிய வேண்டும்.

காற்றுத் தூரிகைக்கு நிமிடத்துக்கு அரைக் கன அடி முதல் ஒரு கன அடி வரை போதும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 25 பவுண்டு வரை வேண்டும். சிறிய டச்சப் கன்னுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 கன அடியும், 25 முதல் 40 பவுண்டு அழுத்தமும் தேவை. பட்டறைகளில் உள்ள பெரிய கன்கள் 8 முதல் 12 கன அடி வரை கேட்கும். வீட்டு மின்னிணைப்பில் ஓடும் சிறு காற்றமுக்கியால் அதற்கு ஈடுகொடுக்க இயலாது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 25 லிட்டர் தொட்டியை 8 வளிமண்டல அழுத்தம் வரை நிரப்பி, அது 2 ஆகக் குறையும் வரை பயன்படுத்துவதாகக் கொள்வோம். 6-ஐ 25-ஆல் பெருக்க, 150 லிட்டர் காற்று கிடைக்கும். ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர் ஆதலால், அது 5 கன அடியைச் சற்றே மிஞ்சும். அரைக் கன அடி வாங்கும் காற்றுத் தூரிகைக்கு அது பத்து நிமிடம் வரும். 4 கன அடி வாங்கும் டச்சப் கன்னுக்கோ ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வரும். அதன்பின் தொட்டி நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். பொம்மைக்கும் மாதிரி வடிவத்துக்கும் சிறிய காற்றமுக்கி போதும் என்பதும், பெரிய பரப்புக்கு மின்சாரத் தெளிப்பானே சிக்கனமானது என்பதும் இக்கணக்கால் விளங்கும்.

பணம் செலவழிக்குமுன் கைப்பழக்கம் பெற விரும்புவோர், மோட்டார் வண்டியின் பழைய டயரில் காற்றடைத்து, அதனோடு தூரிகையை இணைக்கும் முறையும் உண்டு. உள்ளே 30 லிட்டர் இடமுள்ள டயரின் அழுத்தம் 30 பவுண்டிலிருந்து 15 பவுண்டாகக் குறையும்போது, ஒரு வளிமண்டல அளவு, அதாவது ஏறக்குறைய 30 லிட்டர் காற்று வெளிப்படும். இது இரண்டு நிமிட வேலைக்குத்தான் ஆகும். எனினும், விசையை இழுத்துப் பழகுவதற்கு அதுவே போதுமானது.

சிக்கனத்தை நாடிச் சிலர், பழைய குளிர்ப்பெட்டியின் காற்றமுக்கியைக் கழற்றித் தாமே ஒரு சாதனம் அமைக்கின்றனர். ஓசை குறைவு என்பது அதன் சிறப்பு. ஆயின், அதனோடு இணைக்கும் தொட்டி எது என்பதே கேள்வி. சமையல் வாயு உருளையையோ, பி.வி.சி. குழாயையோ, பழைய தீயணைப்புக் குப்பியையோ தொட்டியாக்குதல் கூடவே கூடாது. அடைத்த காற்று அமுக்கிய வில்லைப் போன்றது. கலம் வெடித்தால் அதன் சில்லுகள் குண்டுகள் போலப் பாயும். காப்பு வால்வும், குறித்த அழுத்தத்தில் தானே நிற்கும் விசையும் உள்ள, கடையில் விற்கும் காற்றமுக்கியையே வாங்குவது அறிவுடைமை.

துணைச் சாதனங்கள் மூன்று: அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் தரும் ரெகுலேட்டர், காற்றிலுள்ள நீரைப் பிரித்தெடுக்கும் வடிகலம், நல்ல ரப்பர் குழாய். காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் நீராகிவிடும். அது வண்ணத்தோடு கலந்தால் பூச்சில் கொப்புளங்கள் தோன்றும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும், தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். இல்லையேல் தொட்டி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஒரு குதிரைத் திறன் மோட்டாரைப் பவர் பிளக்கில், மண் இணைப்போடு மாட்டுதல் வேண்டும். மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் மாட்டினால், மின்னழுத்தம் குறைந்து மோட்டார் திணறிச் சூடேறும்.

இவற்றை வாங்க, தில்லியில் சாவ்ரி பஜாரும், மும்பையில் நாக்தேவி தெருவும், பெங்களூரில் எஸ்.பி. சாலையும் ஏற்ற இடங்கள். மொழி ஒரு தடையாக வேண்டா. ஸ்ப்ரே கன், கம்ப்ரஸர், தின்னர், பிரைமர் என்னும் சொற்கள் எங்கும் விளங்கும். உப்புத்தாள் என்றால் மட்டும் கடைக்காரர் விழிப்பார். இந்தி வழங்கும் ஊர்களில் அதற்கு ரேக்மால் என்று பெயர். வங்காளத்தில் சிரிஷ் காகஜ் என்பர்.

வண்ணமும் ஊரின் வானிலையும்

வீட்டுக்குள் தெளிப்பதற்கு நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே தலைசிறந்தது. நாற்றம் குறைவு, தீப்பற்றாது, கருவியை நீரால் கழுவலாம். இரும்புப் பொருள்களுக்குச் சிந்தெடிக் எனாமல் உறுதியானது, டர்பன்டைனில் கரைப்பது, உலர ஒரு நாள் வேண்டும். என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் வண்ணம் சில நிமிடங்களில் உலரும்; ஆயின் அதன் தின்னர் கடுமையானது. இரு டப்பாக்களைக் கலந்து பூசும் பி.யு. என்னும் வண்ணத்தை வீட்டில் தெளித்தல் ஆகாது. அதன் கெட்டியாக்கியில் உள்ள ஐசோசயனேட் என்னும் பொருள், தூறலாக மூச்சிற் புகுந்தால் தீராத ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது.

வண்ணம் எவ்வளவு நீர்க்க வேண்டும் என்பதைத் தொழிற்கூடங்களில், அடியில் துளையுள்ள கோப்பையில் ஊற்றி, அது வடியும் விநாடிகளை எண்ணி அறிவர். மின்சாரத் தெளிப்பானோடு அத்தகைய கோப்பை ஒன்றைப் பெரும்பாலும் தருகின்றனர். அக்கோப்பை இல்லாதோர், கலக்கிய குச்சியைத் தூக்கிப் பார்க்கலாம்: வண்ணம் பால்போல் ஒழுகி, இறுதியில் சொட்டாக முடிந்தால் பதம் சரி, தேன்போல் இழை விட்டால் இன்னும் கரைக்க வேண்டும். பின்னர், நைலான் துணியில் வடிகட்டியே கோப்பையில் ஊற்ற வேண்டும். தெளிப்பான் அடைத்துக்கொள்வதற்கு வடிகட்டாத வண்ணமே முதற்காரணம்.

ஊருக்கு ஊர் வானிலை வேறுபடும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்தில் என்.சி. வண்ணம் தெளித்தால், பூச்சின்மீது பால்போன்ற வெண்மை படர்வதைக் காணலாம். தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த பரப்பில், காற்றின் ஈரம் பனிபோலப் படிகிறது. அதுவே அவ்வெண்மைக்குக் காரணம். மழை ஓய்ந்த நாளுக்குக் காத்திருக்கலாம். அல்லது மெல்ல ஆவியாகும் ரிடார்டர் தின்னரைச் சிறிது சேர்க்கலாம். தில்லியிலும் இராஜஸ்தானத்திலும் கோடைக்காலத்தில் வேறு தொல்லை: வெப்பக்காற்றில் துளிகள் பரப்பை அடையுமுன்னரே உலர்ந்து மணல்போல் சொரசொரப்பாகும், புழுதியும் வந்து ஒட்டும். அங்கே காற்று எழுமுன், காலை வேளையிலேயே வேலையை முடிப்பது நலம். வடநாட்டுக் குளிர்காலத்தில் எனாமல் உலர இரட்டிப்பு நேரமும் ஆகலாம், பொறுமை வேண்டும்.

மூச்சும் நெருப்பும்

இப்பகுதியை நேயர்கள் மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று.

முகத்தில் துணியைக் கட்டிக்கொள்வது பயனற்றது. என்-95 முகமூடி துளிகளைத் தடுக்கும். தின்னரின் ஆவியைத் தடுக்காது. எனாமலோ என்.சி. வண்ணமோ தெளிப்போர், உயிர்க்கரி அடைத்த குப்பிகளும் அவற்றின் முன்னே தூசி வடிகட்டியும் பொருந்திய ரப்பர் முகமூடியை அணிய வேண்டும். அணிந்த பின்னும் தின்னரின் நாற்றம் தெரிந்தால், முகமூடி முகத்தோடு பொருந்தவில்லை என்றோ, குப்பி தேய்ந்துவிட்டது என்றோ பொருள். நீரில் கரையும் வண்ணத்துக்கு என்-95 போதும். ஆயினும் சன்னல்கள் திறந்திருத்தல் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி எப்போதும் வேண்டும்.

தின்னரில் உள்ள டொலுவீன் என்னும் திரவத்தின் ஆவி, 4 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே தீப்பற்றத் தக்கது. அதாவது, தில்லியின் சனவரிக் குளிரிலும் அது பற்றிக்கொள்ளும். அந்த ஆவி காற்றினும் கனமானது. ஆதலால் தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்கும் செல்லும். அங்கே பூசை மாடத்தில் எரியும் விளக்கோ, ஊதுவத்தியோ, சமையலறை அடுப்போ, குளியலறையின் வாயு வெந்நீர்க் கலமோ இருந்தால் விபரீதம் நேரும். சாதாரண மின்விசிறியின் மோட்டாரிலும் மின்விளக்குச் சுவிச்சிலும் சிறு பொறி எழக்கூடும். ஆகவே, தின்னர் கலந்த வண்ணத்தை மொட்டை மாடியிலோ திறந்த முற்றத்திலோதான் தெளிக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டின் பால்கனி போதாது. தூறல் அண்டை வீட்டாரின் உலரும் துணியிலும், அவர்கள் வீட்டுக் குழந்தையின் மூச்சிலும் சேரும். பால்கனி மட்டுமே உடையோர் நீர் வண்ணத்தோடு நிற்பதே முறை.

நீர் வண்ணத்துக்கு எளிய தெளிகூடு ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். பெரிய அட்டைப் பெட்டி ஒன்றின் முன்பக்கத்தை வெட்டிவிட்டு, பின்பக்கத்தில் ஒரு சதுரம் அறுத்து, அதில் குளிர்சாதனத்துக்கு விற்கும் வடிகட்டித் துணியை ஒட்டி, அதன் பின்னே ஒரு சிறு எக்ஸாஸ்ட் விசிறியைச் சன்னலை நோக்கி அமைக்க வேண்டும். அடியில் சுழலும் தட்டு ஒன்றை வைத்தால், பொம்மையைத் தொடாமலே திருப்பலாம். இக்கூட்டில் தின்னர் வண்ணத்தையோ ஸ்ப்ரே டப்பாவையோ ஒருநாளும் பயன்படுத்தலாகாது.

தெளிக்கும் முறை

நல்ல பூச்சில் பெரும்பகுதி, தெளிப்பதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. மரத்தை 180 எண் உப்புத்தாளால் தேய்த்து, குழிகளைப் பட்டி வைத்து நிரப்பி, 320 எண்ணால் வழவழப்பாக்கி, தூசியை ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் பிரைமர் பூச வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், வண்ணம் அவ்விடத்தில் விலகி மீன்கண் போன்ற குழிகள் தோன்றும்.

டச்சப் கன்னைப் பரப்பிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவில், நேர்குத்தாகப் பிடிக்க வேண்டும். நுண்ணிய வேலைக்குக் காற்றுத் தூரிகையை இன்னும் நெருக்கமாகப் பிடிக்கலாம். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் கருவி வில்போல் வளைந்து, நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெலிந்தும் படியும். ஆதலால் முழங்கையோடு கை முழுவதும் நகர வேண்டும். பொருளின் விளிம்புக்கு வெளியே விசையை இழுத்து, மறு விளிம்பைக் கடந்தபின் விட வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்திய வரியின் பாதியை மூட வேண்டும். முதற் பூச்சில் அடிநிறம் தெரிந்தால் கவலை வேண்டா. மூன்று மெல்லிய பூச்சுகள் ஒரு தடித்த பூச்சினும் மேலானவை.

பிழைகளைப் பார்த்தே காரணத்தை அறியலாம். வண்ணம் கண்ணீர்போல் வழிந்தால், கை மெதுவாகவோ நெருக்கமாகவோ சென்றது என்பது பொருள். ஆரஞ்சுப் பழத் தோல்போல் குழிவு குழிவாக இருந்தால், வண்ணம் கெட்டியானது அல்லது அழுத்தம் போதவில்லை. மணல்போல் இருந்தால், கருவி தொலைவில் இருந்தது. எந்தப் பிழையையும் ஈரமாக இருக்கும்போது திருத்த முயலலாகாது. நன்கு உலரவிட்டு, 400 எண் தாளால் தேய்த்து, மீண்டும் தெளிப்பதே வழி.

பழைய பொம்மைகளைப் பற்றி

கொலுப் பொம்மைகளுக்குத் தனி நெறி உண்டு. பழைய வண்ணம் உறுதியாக ஒட்டியிருக்குமாயின், நிறம் சற்று மங்கியிருந்தாலும் அதன்மீது கை வைக்காதிருத்தலே மேல். அதனைத் தீட்டிய குயவர் பெருமக்களின் கைவண்ணம் மீண்டும் கிடைக்காது. மரப்பாச்சிக்கு வண்ணமே வேண்டா. புதிய ஆடை போதும்.

புதுப்பித்தே ஆக வேண்டிய பொம்மைகளை முதலில் நாற்புறமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காகிதக்கூழ்ப் பொம்மையை நீரில் நனைத்தல் கூடாது. மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியை நீக்கினால் போதும். பழைய வண்ணத்தை உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டா. நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் அடக்கும் விதி 2016-இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வண்ணங்களில் ஈயம் மிகுதியாக இருந்திருக்கலாம். தேய்க்கும்போது எழும் தூசி குழந்தைகளின் வயிற்றில் சேர்ந்தால் அவர்களுடைய மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உதிரும் செதில்களை மட்டும் மெல்ல எடுத்துக் காகிதத்தில் மடித்து அப்புறப்படுத்திவிட்டு, மெல்லிய வெள்ளை அக்ரிலிக் பிரைமரைத் தெளித்துப் பழையதை மூடிவிடுவதே பாதுகாப்பு.

அதன்பின், மேனி நிறத்தையும் ஆடையின் பெரும்பரப்பையும் காற்றுத் தூரிகையால் தெளிக்கலாம். கன்னத்தின் மென்சிவப்பும் மடிப்பின் நிழலும் இக்கருவியில் அழகாக அமையும். அணிகலன், கரை, இதழ், புருவம் ஆகியவை கைத்தூரிகைக்கே உரியன. கண்ணைக் கடைசியில் திறப்பது மரபு; அம்மரபில் தொழில் நுட்பமும் உண்டு. எல்லாத் தெளிப்பும் முடிந்தபின் கண் எழுதினால்தான், அதன்மீது வேறு தூறல் படியாது.

வேலை முடிந்தபின்

கருவியை உடனே கழுவாதவர் மறுமுறை புதுக்கருவி வாங்க நேரும். கோப்பையில் எஞ்சியதை ஊற்றிவிட்டு, உரிய நீரையோ தின்னரையோ விட்டு, தெளிவாக வரும் வரை தெளித்து, ஊசியை உருவித் துடைத்து வைக்க வேண்டும். அழுக்குத் தின்னரைச் சாக்கடையில் ஊற்றலாகாது; மூடிய குப்பியில் வைத்தால் கசடு அடியில் தங்கும்; மேலே தெளிந்ததை மறுமுறை கழுவப் பயன்படுத்தலாம். எனாமல் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் பெருந்தவறு. அதிலுள்ள எண்ணெய், காற்றோடு கூடி உலரும்போது வெப்பம் எழும்; சுருட்டிய துணியில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி, தானே தீப்பற்றுவதுண்டு. வெளியில் விரித்து உலர்த்திய பின்னரே எறிய வேண்டும்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, அங்குள்ள வீட்டுக் கதவையும் பூசிவிட்டு வரலாம் என்று எண்ணித் தின்னரையோ ஸ்ப்ரே டப்பாவையோ இரயிலில் எடுத்துச் செல்ல வேண்டா. தீப்பற்றும் பொருள்களைப் பயணப் பெட்டியில் கொண்டுசெல்வது சட்டப்படி குற்றம். அதனினும் மேலாக, உடன் பயணம் செய்வோரின் உயிருக்கு இடர். கருவியை மட்டும் கழுவி உலர்த்தி எடுத்துச் செல்லுங்கள். வண்ணத்தை அவ்வூரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

தொடங்குவோர் முதல் நாளிலேயே நல்ல பொருளின்மீது கை வைக்க வேண்டா. பழைய செய்தித்தாளில் வெறும் நீரும் சிறிது நீலமும் கலந்து தெளித்து, கோடும் புள்ளியும் நிழலும் இடப் பழகலாம். அதன்பின் காலி டப்பாக்கள், உடைந்த பூந்தொட்டிகள் எனப் படிப்படியாக முன்னேறலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் செலவிட்டால், சில வாரங்களில் கை நிதானம் பெறும். பிள்ளைகளும் உடனிருந்து பார்க்கட்டும். அவர்களுக்கும் கண்ணாடியும் முகமூடியும் அணிவித்து, நீர் வண்ணம் மட்டும் தெளிக்கும் நாளில் அருகே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு கருவியை எவ்வாறு ஆள்வது என்பதையும், அதன் தீமையிலிருந்து தம்மையும் பிறரையும் எவ்வாறு காப்பது என்பதையும் அவர்கள் ஒருங்கே கற்றுக்கொள்வர்.